நாங்க வளர்ந்தா கதவும் வளருமா?

போன கோடை விடுமுறையில் என் மகளுக்கும் அவளுடைய மூன்று தோழிகளுக்கும் வீட்டு டைனிங் டேபிளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். பாழடைந்த கோட்டை, கீழே நிலவறை, அதில் ஒரு மரக்கதவு. ஒரு தோழி தன் போர்வீரனை விட்டுக் கதவை இடித்தாள். இருபது முகப் பகடையில் 14 விழுந்தது. பலத்துக்கு 4 சேர்த்தால் 18. "பத்தலைம்மா, திறக்கலை" என்றேன்.

மகள் உடனே பிடித்துக்கொண்டாள். "அப்பா, முதல் வாரம் இதே மாதிரி கதவு 13-க்கே திறந்துச்சு. இப்ப நாங்க லெவல் ஏறிட்டோம்னு கதவும் ஏறிடுச்சா? நாங்க வளர்ந்தா கதவும் வளருமா?"

இது வேற மரம், ஈரத்தில் உப்பியிருக்கு என்று ஏதோ சமாளித்தேன். உண்மை என்னவென்றால், என் மனசில் எந்த எண்ணும் இல்லை. கதவுக்குப் பின்னால் இருக்கிற அறையை நான் இன்னும் தயார் செய்யவில்லை. அவள் உருட்டி 18 வந்ததைப் பார்த்த பிறகுதான், சரி, இந்தக் கதவுக்கு 19 என்று முடிவு செய்தேன். அன்றைக்கு ராத்திரி அது உறுத்தியது. உருட்டிய பிறகு எண்ணை நிர்ணயிப்பது டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ஸ்பெக் எழுதுகிற மாதிரி. ஆபீஸில் யாராவது அப்படிச் செய்தால் நானே சண்டை போடுவேன்.

அதனால் ஒரு கேள்வியோடு பழைய விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு கதவு எவ்வளவு கடினம் என்பதை ஐம்பது வருஷமாக யார், எப்படி முடிவு செய்துவந்திருக்கிறார்கள்? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் நடுவர், எதிரே என்ன இருக்கிறது என்று அவர்தான் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம் வைத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடை. போர்டு கிடையாது, காய் கட்டாயமில்லை. எல்லாம் பேச்சில் நடக்கும். அதனாலேயே நடுவரின் வாயில் வரும் எண்ணுக்கு அவ்வளவு கனம்.

முதலில் பிரஷ்யா

நடுவர் என்ற ஆள் இந்த ஆட்டத்துக்குப் போர்ப் பயிற்சியிலிருந்து வந்தவர். 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டில் வரைபடம், படைக் கட்டைகள், பகடை, சேதக் கணக்குக்கு அட்டவணைகள், எல்லாவற்றையும் நடத்த ஒரு நடுவர் இருந்தார்கள். காலப்போக்கில் விதிகள் சுமையாகிவிட்டன என்று அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். 1876-இல் வெர்டி டு வெர்னாய் என்ற ஜெனரல் நேர் எதிர்த் திசையில் போனார். அட்டவணையையும் பகடையையும் ஓரம் வை, அனுபவமுள்ள நடுவர் தன் அறிவைக் கொண்டு தீர்ப்பு சொல்லட்டும் என்றார்.

அட்டவணையா, ஆளின் தீர்ப்பா? என் டைனிங் டேபிள் சண்டை 150 வருஷம் பழையது என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அங்கிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வரும் பாதையும் தெளிவானது. அமெரிக்க அதிகாரி டாட்டன் 1880-இல் ஸ்ட்ராட்டகோஸ் என்ற போர் விளையாட்டு நூலை எழுதினார். மினசோட்டாவில் டேவ் வெஸ்லி என்ற இளைஞர் அதைப் படித்துவிட்டு, நடுவரை மையமாக வைத்து 1969-இல் பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தை நடத்தினார். அந்த வட்டத்தில் ஆடியவர் டேவ் ஆர்னெசன். அவரும் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார்கள். அதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

1974: எல்லாக் கதவும் ஒரே கதவு

அந்த மூன்றாவது புத்தகத்தில் கதவுக்கு விதி இருக்கிறது. ஆறு முகப் பகடையை உருட்டு, 1 அல்லது 2 விழுந்தால் கதவு திறக்கும். சின்ன உருவம், லேசான உடம்பு என்றால் 1 விழ வேண்டும். அவ்வளவுதான். தேக்கா, இரும்பா, எத்தனை அங்குலம் என்ற பேச்சே இல்லை. நிலவறையில் எல்லாக் கதவும் ஒரே கதவு.

முதலில் படித்தபோது இது சோம்பேறித்தனமான விதி என்று நினைத்தேன். சுற்றியிருக்கும் வரிகளையும் சேர்த்துப் படித்தபோதுதான் புரிந்தது. ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை கதவை இடிக்கலாம். ஆளுக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு, தனித்தனியாக உருட்டினால் யாராவது ஒருவர் ஜெயிக்க சுமார் 70%. ஆனால் மூன்று பேரும் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தால், கதவுக்குப் பின்னால் இருப்பது பாயும்போது அவர்களால் சட்டென்று சுதாரிக்க முடியாது. திறந்த கதவு பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். இரும்பு முளை அடித்துத் திறந்தே வைக்கலாம், அதுவும் மூன்றுக்கு ஒரு தடவை நழுவிவிடும். அரக்கர்களுக்கோ கதவு தானாகத் திறக்கும், இந்தப் பக்கத்திலிருந்து யாராவது அழுத்திப் பிடித்தால் ஒழிய. இதோடு, ஆட்டத்தில் பத்து நிமிஷம் கழியும் ஒவ்வொரு முறையும் நடுவர் ஒரு பகடை உருட்டுவார். 6 விழுந்தால் திரிந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று வந்து சேரும்.

அதாவது அங்கே கதவின் கடினம் எண்ணில் இல்லை. நேரத்தில் இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. திறக்காத கதவுக்கு விலை உண்டு. அந்த விலை ஆடுபவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். எண் எல்லோருக்கும் ஒன்று என்பதால் நடுவர் ஏமாற்றவும் இடமில்லை. என் 19 அங்கே செல்லாது.

1978: கடினம் ஆளுக்குள்ளே போகிறது

அடுத்து வந்த பெரிய மாற்றம், கதவைப் பற்றிய கணக்கு ஆடுபவரின் தாளுக்கு மாறியது. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆடுபவர் கையேட்டில், பலம் என்ற பண்புக்கு நேராக ஒரு பத்தி: கம்பியை வளைத்தல், இரும்புக் கிராதியைத் தூக்குதல். பலம் 9 உள்ள ஆளுக்கு 1%. பலம் 18 என்றால் 16%. 18-க்கும் மேலே போர்வீரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சதவீதக் கணக்கு, அதன் உச்சியில் 40%. கம்பி எவ்வளவு தடிமன் என்று யாரும் கேட்பதில்லை.

அதில் ஒரு சின்ன நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஒரு முயற்சிதான். தோற்றால் அதே ஆள் அதே கம்பியை மறுபடி முயல முடியாது. முதலில் இது அநியாயமாகத் தோன்றும். நிஜத்தில் ஒருத்தன் மூன்று தடவை இழுத்துப் பார்க்க மாட்டானா? ஆனால் வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு உருட்டல் அவனுடைய இழுப்பை அளக்கவில்லை. அந்தக் கம்பி அவனால் வளையக்கூடியதா என்பதை அது கண்டுபிடிக்கிறது. பகடை விழுந்த நொடியில் கம்பியின் தடிமன் முடிவாகிவிடுகிறது. பிறகு எத்தனை தடவை இழுத்தாலும் அது அதே கம்பி. நடுவர் எழுதாத ஸ்பெக்கைப் பகடை எழுதிவிடுகிறது, அதை மாற்ற முடியாது.

அதே கையேட்டில் திருடன் என்ற பாத்திரத்துக்குச் சுவர் ஏறுதல் முதல் லெவலிலேயே 85%. பூட்டு திறக்க வெறும் 25%. இந்தப் பத்தி ஒரு புதுச் சிக்கலையும் கொண்டுவந்தது. திருடனின் தாளில் சுவர் ஏறுதல் என்று எழுதியிருக்கிறது என்றால், எழுதாத போர்வீரன் ஏறவே முடியாதா? ஒரு திறமைக்குப் பெயர் வைத்து ஒருவர் கையில் கொடுத்தால், மற்றவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிடும். பழைய ஆட்டக்காரர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள்.

தடைக்கும் ஒரு எண்

இதே காலத்தில் வேறு சிலர் வேறு வழியில் போனார்கள். அரிசோனாவின் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இலேயே டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார். அதில் ஆபத்துக்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக்கு 20, அடுத்ததற்கு 25, பிறகு 30. அதிலிருந்து உங்கள் பண்பைக் கழித்தால் பகடையில் விழ வேண்டிய எண் கிடைக்கும். முதலில் அதிர்ஷ்டம் என்ற பண்புக்கு மட்டும் இருந்த இந்தக் கணக்கு, பிறகு பலம் முதலான மற்ற பண்புகளுக்கும் வந்தது. ஆளுக்கு ஒரு எண், தடைக்கு ஒரு எண், இரண்டும் மோதும். இன்றைக்கு நாம் பயன்படுத்துவதன் விதை இதில் இருக்கிறது.

1981-இல் டாம் மோல்ட்வே திருத்திய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படைப் புத்தகம் ஒரு எளிய வழி சொன்னது. இருபது முகப் பகடையில் உங்கள் பண்புக்குச் சமமாகவோ கீழாகவோ உருட்டுங்கள். சுலபமான வேலை என்றால் விழுந்த எண்ணில் 4 வரை கழிக்கலாம், கடினம் என்றால் 4 வரை கூட்டலாம். பலம் 13 உள்ளவருக்குச் சாதாரணமாக 65%. நடுவர் எவ்வளவு இறுக்கினாலும் 45%-க்குக் கீழே போகாது, எவ்வளவு தளர்த்தினாலும் 85%-க்கு மேலே போகாது. நடுவருக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் கயிறு கட்டிய சுதந்திரம்.

ரோல்மாஸ்டர் என்ற இன்னொரு ஆட்டம் கடினத்துக்குப் பெயர்களின் ஏணியே வைத்தது. வழக்கமானது, சுலபம் என்று தொடங்கி, சுத்தப் பைத்தியக்காரத்தனம், அபத்தம் என்று முடியும். படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் டீமில் வேலை மதிப்பிடும்போதும் கடைசி இரண்டு பெயர்கள் பேச்சில் வரும், ஷீட்டில்தான் இருக்காது.

2000: உலகம் அளக்கப்படுகிறது

2000-இல் ஜோனாதன் ட்வீட், மாண்டே குக், ஸ்கிப் வில்லியம்ஸ் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு வந்தது. இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் திறனைக் கூட்டி, தடையின் எண்ணைத் தொட வேண்டும். அந்த எண்ணுக்கு டிஃபிகல்டி கிளாஸ், சுருக்கமாக டிசி என்று பெயர்.

இங்கே என் மகளின் கேள்விக்கு அச்சில் பதில் இருந்தது. எளிய கதவை உடைக்க 13, நல்ல கதவுக்கு 18, உறுதியான கதவுக்கு 23, இரும்புக் கம்பியை வளைக்க 24, இரும்புக் கதவுக்கு 28. சுவருக்கும் அப்படித்தான். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துச் சுவரில் கால் ஊன்றி ஏற 0. கப்பலின் பாய்மரக் கயிறுகளில் ஏற 10. மரம் ஏற 15. இடிபாடுகளின் சுவருக்கு 20, செங்கல் சுவருக்கு 25. வழுக்கினால் 5 கூடும், இரண்டு சுவர் சேரும் மூலையென்றால் 5 குறையும். முழுக்க வழவழப்பான செங்குத்துப் பரப்பில் ஏறவே முடியாது. யார் வந்தாலும், எந்த லெவலானாலும், செங்கல் சுவர் 25-தான்.

2003 திருத்தப் பதிப்பில் ஓடி வந்து தாண்டும் நீளத் தாண்டுதலுக்கு எத்தனை அடியோ அத்தனை டிசி. மைக் பவல் 1991-இல் டோக்கியோவில் தாண்டிய 8.95 மீட்டர் உலக சாதனை 29 அடிக்குச் சற்று மேல். ஆக டிசி 29. நிஜ உலகத்தை அப்படியே இதில் போட்டுப் பார்க்கலாம் என்பதில் ஒரு எஞ்சினியருக்கு வரும் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இதோடு இன்னொரு நல்ல விதி. அவசரமில்லை, தோற்றால் ஆபத்துமில்லை என்றால் உருட்டவே வேண்டாம். இருபது மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு 20 விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். பலம் 18 உள்ளவருக்குக் கூடுதல் 4. இருபதோடு சேர்த்தால் 24, இரும்புக் கம்பி வளைந்துவிடும். சுமார் இரண்டு நிமிஷ வேலை. 1978-இல் இதே பலம் 18-க்கு 16%, அதுவும் ஒரே தடவை. ஆள் அதே ஆள், கம்பியும் அதே கம்பி. இடையில் 22 வருஷத்தில் மாறியது கடினம் எங்கே குடியிருக்கிறது என்பது மட்டும்தான்.

குறை இல்லாமல் இல்லை. எல்லாவற்றுக்கும் அட்டவணை என்றால், ஆட்டத்தின் நடுவில் நடுவர் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார். கிரீக்ஸ்பீல் அதிகாரிகளின் முணுமுணுப்பு திரும்பி வந்தது.

2008: கதவு வளர்ந்த வருஷம்

2008-இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லாருடைய திறனோடும் லெவலில் பாதி கூடும். 30-ஆம் லெவலில் அதுவே 15. அதற்கு ஈடாக நடுவர் கையேட்டின் 42-ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஆடுபவர்களின் லெவலைப் பார், சுலபமா நடுத்தரமா கடினமா என்று முடிவு செய், எண்ணை எடுத்துக்கொள். திட்டமிடாத சூழ்நிலையில் சட்டென்று ஒரு நியாயமான எண் வேண்டும் என்பதற்காக வைத்தது. நடுவருக்கு மிகவும் வசதி.

ஆனால் நிறையப் பேர் அதை வேறு மாதிரிப் படித்தார்கள். நாங்கள் ஏற ஏறத் தடையும் ஏறுகிறது, அப்படியானால் ஏறியதற்கு என்ன அர்த்தம்? நான்காம் பதிப்பிலும் குறிப்பிட்ட சுவர்களுக்கு நிலையான எண்கள் இருந்தன. இருபதாம் லெவலில் சந்திக்கும் தடை, முதல் லெவல் மரக்கதவாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் எண்ணம். எண் ஏறினால் கதவின் வர்ணனையும் ஏற வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டால் கிடைப்பதுதான் என் நிலவறைக் கதவு. எண்ணை மட்டும் ஏற்றினேன், மரத்தை மாற்றவில்லை. அவள் கேட்ட பிறகு ஈரம் என்றேன்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, நாங்கள் இப்போது ஆடுவது, இதற்கு எதிர்வினை. மிகச் சுலபம் 5, சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20, மிகக் கடினம் 25, கிட்டத்தட்ட முடியாதது 30. லெவல் என்ன ஆனாலும் இதே ஏணி. நினைவில் நிற்கிறது, புத்தகம் புரட்ட வேண்டாம். ஆனால் பகடையின் வீச்சு பெரியது, ஆட்களுக்கு இடையிலான வித்தியாசம் சின்னது. டிசி 15 கதவை பலம் 20 உள்ள போர்வீரன் திறக்க 55%. பலம் 8 உள்ள நோஞ்சான் மந்திரவாதிக்கு 25%. போர்வீரன் தோற்று அடுத்து வரும் மந்திரவாதி திறந்துவிடுவது ஒன்பது தடவைக்கு ஒரு தடவை நடக்கும். எங்கள் மேஜையில் நடந்தது. போர்வீரனை ஆடிய பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அங்கிள், இது அநியாயம்!" என்றாள். 1978-இன் ஒற்றை முயற்சி விதி எதற்கு என்று அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது.

கம்பி திரும்பி வருகிறது

கடைசியாக ஒன்று. 2012-இல் சேஜ் லடோரா, ஆடம் கோபெல் எழுதிய டன்ஜன் வேர்ல்டில் கதவுக்கு எண்ணே கிடையாது. இரண்டு ஆறு முகப் பகடையை உருட்டிப் பலத்தைக் கூட்டு. போர்வீரனுக்கு ஒரு தனித் திறமை உண்டு, அதன் பெயர் கம்பியை வளைத்தல், கிராதியைத் தூக்குதல். 1978 அட்டவணையின் பத்தித் தலைப்பேதான். ஆனால் உள்ளே இருப்பது வேறு. 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நான்கில் மூன்றைத் தேர்ந்தெடு, 7 முதல் 9 என்றால் இரண்டு. அதிக நேரம் ஆகவில்லை, மதிப்புள்ள எதுவும் சேதமாகவில்லை, பெரிய சத்தம் எழவில்லை, உடைத்ததை அதிக சிரமமில்லாமல் சரிசெய்யலாம் என்பவை அந்த நான்கு.

இதைப் படித்தபோது நேராக 1974 ஞாபகம் வந்தது. கதவு திறக்குமா என்பது அங்கேயும் சின்னக் கேள்விதான். திறக்க என்ன விலை என்பதுதான் பெரிய கேள்வி. நேரம், சத்தம், பின்னால் நிற்பது யார்.

எந்தப் பதிப்பு சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. எண் ஆளிடம் இருந்தாலும், கதவிடம் இருந்தாலும், லெவல் அட்டவணையில் இருந்தாலும், அந்த விதிகளில் எண் உருட்டுவதற்கு முன்னால் எங்கேயோ இருந்தது. அப்படி இருந்தால்தான் இடிக்கலாமா, சுற்றிப் போகலாமா, கடப்பாரை வாங்கி வரலாமா என்று ஆடுபவர் யோசிக்க முடியும். நான் செய்தது அந்த யோசனையையே அவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. திறக்குமா என்று அவர்கள் உருட்டினார்கள், திறக்க வேண்டாம் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன் மகளிடம் சொன்னேன், அன்னிக்கு அந்தக் கதவுக்கு என்கிட்ட நம்பரே இல்லைம்மா என்று. "தெரியும்ப்பா, உங்க மூஞ்சியிலேயே தெரிஞ்சது" என்றாள். இப்போது ஒவ்வொரு தடைக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வைக்கிறேன். என்ன மரம், என்ன எண், தோற்றால் என்ன ஆகும். உருட்டுவதற்கு முன் அட்டையை மேஜையில் திருப்பி வைத்துவிடுவேன். பழைய நிலவறைக் கதவுக்கும் ஒன்று எழுதினேன்: தேக்கு, ஈரமில்லை, 15, தோற்றால் சத்தம் கேட்டுக் காவலாளி வருவான்.

அதைப் படித்துப் பார்த்துவிட்டு நாலு பேரும் கூடிப் பேசினார்கள். கதவை இடிக்கவே இல்லை. கீலைக் கழற்றிவிட்டார்கள். அதற்கு என்னிடம் அட்டை இல்லை.